நாய்களுக்கும் நாய்க்குட்டிகளுக்கும் இயற்கை உணவு

நாய்களுக்கான இயற்கை உணவு என்பது, ஆலையில் செய்து உலர்த்திப் பொதியில் அடைத்து விற்கப்படும் உணவுக்கு மாற்றாக, இறைச்சி, மீன், முட்டை, தானியம், காய்கறி ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே ஆக்கித் தரும் உணவைக் குறிக்கும். சமைக்காத இறைச்சியையும் எலும்பையும் தருவதை மட்டுமே இப்பெயரால் அழைப்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டு வீடுகளில் நாய் காலங்காலமாக வீட்டுச் சோற்றையே தின்று வந்திருப்பதால், இங்கே இது புதிய வழக்கம் அன்று. நாயின் உடலுக்கு எந்தச் சத்து எவ்வளவு தேவை என்பது இன்று அளந்து அறியப்பட்டிருப்பதுதான் புதிது. அந்த அளவுகளை வைத்து வீட்டு உணவைக் கணக்கிட்டால், அதில் மிகவும் குறைவாக இருப்பது பலரும் நினைப்பதுபோல இறைச்சி அன்று. கால்சியம் எனப்படும் சுண்ணாம்புச் சத்தே. வளர்ந்த நாய் இக்குறையைப் பல மாதங்கள் தாங்கிக்கொள்ளும். எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் மூன்று மாதக் குட்டியால் சில வாரங்கள்கூடத் தாங்க முடியாமல் போகலாம்.

ஓநாயும் நாயும்

நாய் ஓநாயிலிருந்து வந்தது. மனிதரோடு வாழத் தொடங்கிக் குறைந்தது 15,000 ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் காலத்தில் அதன் பழக்கவழக்கம் மட்டுமல்லாமல் குடலும் மாறியிருக்கிறது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட மரபணு ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேசு நொதியை உண்டாக்கும் மரபணு, ஓநாயிடம் பொதுவாக இரண்டு பிரதிகளே உள்ளது. நாய்களிடம் நான்கு முதல் முப்பது பிரதிகள் வரை காணப்பட்டன. எனவே நன்றாக வெந்த சோற்றை நாயால் செரிக்க முடியும். நாய்க்குச் சோறே ஆகாது என்று சொல்வது ஓநாய்க்கு வேண்டுமானால் பொருந்தும்.

அதே சமயம், ஓநாயைக் காட்டி இறைச்சியை மட்டும் வைப்பவர்கள் இன்னொன்றைக் கவனிப்பதில்லை. ஓநாய் தின்பது கறிக்கடையில் வெட்டித் தரும் எலும்பில்லாத துண்டு அன்று. அது ஈரல், நுரையீரல், தோல், எலும்பு என இரையை ஏறக்குறைய முழுவதுமாகத் தின்கிறது. அதற்குத் தேவையான சுண்ணாம்புச் சத்து எலும்பிலிருந்து வருகிறது. தசை இறைச்சியில் அது அநேகமாக இல்லை.

பொதியில் அடைத்த நாய் உணவின் வரலாறு 1860ஆம் ஆண்டையொட்டி, ஜேம்ஸ் ஸ்பிராட் என்பவர் இலண்டனில் நாய் பிஸ்கட்டு விற்கத் தொடங்கியதிலிருந்து சொல்லப்படுகிறது. அதற்கு எதிர்வினையாக, எலும்போடு கூடிய பச்சை இறைச்சியே நாய்க்கு உகந்தது என்ற கருத்தை ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்கர்ஸ்ட் 1993இல் வெளியிட்ட நூல் பரப்பியது.

‘அந்தக் காலத்தில் கஞ்சியும் பழைய சோறும் குடித்து நாய்கள் நன்றாகத்தானே இருந்தன’ என்ற கேள்வி நம் ஊரில் அடிக்கடி எழும். அந்த நாய்கள் கட்டிப்போடப்படவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வயலில் எலியும் பெருச்சாளியும் பிடித்தன; முயல் வேட்டைக்குப் போன கன்னியும் சிப்பிப்பாறையும் அதில் பங்கு பெற்றன; தெருவில் கிடந்த எலும்பைக் கடித்தன. வீட்டுக் கஞ்சி அவற்றின் உணவில் ஒரு பகுதியாகவே இருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் குட்டிக்குக் கிண்ணத்தில் வைப்பதைத் தவிர வேறு எதுவும் கிடைக்காது. கிண்ணத்தில் இல்லாத சத்து அதன் உடலிலும் இருக்காது.

ஒரு குட்டியின் ஒரு நாள் கணக்கு

ஓய்வாக இருக்கும் நாய்க்கு ஒரு நாளுக்குத் தேவையான ஆற்றலைக் கணக்கிட எளிய வழி உண்டு. எடையை மும்மடிப் பெருக்கமாக்கி, அதற்கு இருமுறை வர்க்கமூலம் கண்டு, 70ஆல் பெருக்க வேண்டும். 8 கிலோ எடையுள்ள மூன்று மாதக் குட்டியை எடுத்துக்கொள்வோம். 8 × 8 × 8 = 512. அதன் வர்க்கமூலம் 22.6, மீண்டும் வர்க்கமூலம் 4.76, 70ஆல் பெருக்கினால் சுமார் 333 கிலோ கலோரி. நான்கு மாதம் வரையுள்ள குட்டிக்கு இதைப்போல் மூன்று மடங்கும், அதன்பின் வளர்ந்து முடியும்வரை இரண்டு மடங்கும் தேவை எனக் கொள்வது வழக்கம். ஆக இந்தக் குட்டிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கிலோ கலோரி வேண்டும்.

அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கம் வகுத்துள்ள அளவுகளே உலகின் பல இடங்களிலும் பின்பற்றப்படுகின்றன. அவற்றின்படி வளரும் குட்டியின் உணவில் 1,000 கிலோ கலோரிக்குக் குறைந்தது 56 கிராம் புரதமும், 3 கிராம் கால்சியமும், 2.5 கிராம் பாஸ்பரசும் இருக்க வேண்டும். வளர்ந்த நாய்க்கு இவை முறையே 45 கிராம், 1.25 கிராம், 1 கிராம். குட்டிக்குத் தேவையான கால்சியம் பெரிய நாய்க்குத் தேவையானதைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம் என்பதை இதிலிருந்து அறியலாம்.

முதலில் தயிர்சோறு. அரைக் கிலோ சோறும் அதைவிடச் சற்று அதிகமான தயிரும் சேர்ந்தால் 1,000 கிலோ கலோரி வரும். அதில் புரதம் சுமார் 30 கிராம்தான். கால்சியம் ஒரு கிராமுக்கும் குறைவு. அதாவது புரதம் பாதி, கால்சியம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதற்கே ஒரு கிலோவுக்கு மேற்பட்ட உணவை 8 கிலோக் குட்டி தின்றாக வேண்டும். அவ்வளவு தின்ன முடியாமல், வயிறு மட்டும் உப்பி, முதுகெலும்பு தெரியும் குட்டிகளைப் பலரும் பார்த்திருப்பர். குடற்புழுவும் இதே தோற்றத்தைத் தரும். இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு.

அடுத்து, கறிசோறு. தயிரை நீக்கிவிட்டு, அரைக் கிலோ சோற்றுடன் 200 கிராம் வெந்த எலும்பில்லாக் கோழிக்கறியைச் சேர்ப்போம். ஆற்றல் அதே அளவு. புரதம் 70 கிராமை எட்டிவிடும். இந்தக் குறை தீர்ந்தது. ஆனால் 100 கிராம் கோழிக்கறியில் கால்சியம் 15 மில்லிகிராம் அளவே உள்ளது. சோற்றில் அதுவும் இல்லை. மொத்தத்தில் 0.1 கிராம்கூடத் தேறாது. 3 கிராம் வேண்டிய இடத்தில் முப்பதில் ஒரு பங்குதான். உரிமையாளர் செலவு செய்து கறி வாங்கிப் போட, கால்சியத்தைப் பொறுத்தவரை குட்டி தயிர்சோற்றைவிட மோசமான நிலைக்கு வந்துவிட்டது.

எலும்பு கரைதல்

கால்சியம் எலும்புக்கு மட்டும் உரியது அன்று. இதயம் துடிக்கவும் தசை சுருங்கவும் அது இரத்தத்தில் குறிப்பிட்ட அளவில் இருந்தே ஆக வேண்டும். உணவிலிருந்து வராதபோது, கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் கூடுதலாக வேலை செய்து, எலும்பில் சேர்ந்திருக்கும் கால்சியத்தைக் கரைத்து இரத்தத்துக்கு அனுப்புகின்றன. இறைச்சியில் பாஸ்பரசு மிகுந்தும் கால்சியம் குறைந்தும் இருப்பது இதை விரைவுபடுத்தும். உணவில் இவ்விரண்டின் விகிதம் ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டுக்கு ஒன்று வரை, கால்சியம் மேலோங்கி இருக்க வேண்டும். வெறும் கறியிலோ பாஸ்பரசு பத்து மடங்குக்கும் மேல்.

குட்டி முதலில் விளையாட மறுக்கும். நடக்கும்போது நொண்டும், தொட்டால் கத்தும். முன்னங்கால்கள் வளையலாம், பாதம் தட்டையாகலாம். கட்டிலிலிருந்து குதித்ததற்கே கால் முறியும். இடுப்பெலும்பு அமுங்கி ஒடுங்கினால் பின்னாளில் மலம் கழிக்கவும் பெட்டைக்குக் குட்டி ஈனவும் தடையாகும். தொடக்கத்திலேயே எக்சு கதிர் படத்தில் கண்டறிந்து உணவைச் சரிசெய்தால் பெரும்பாலான குட்டிகள் தேறிவிடும். வளைந்து இறுகிய எலும்பு மட்டும் முழுவதும் நிமிர்வதில்லை.

இதற்குக் காலை வெயிலில் கட்டிவைத்தால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. மனிதத் தோல் வெயிலில் வைட்டமின் டி உண்டாக்குவது போல நாயின் தோல் போதுமான அளவு உண்டாக்குவதில்லை. முட்டையின் மஞ்சள் கரு, மீன், ஈரல் ஆகியவற்றிலிருந்தே அது நாய்க்குக் கிடைக்க வேண்டும்.

மிகுதியும் கேடு

குறைவு தெரிந்தவுடன் கால்சியம் மருந்துப் புட்டி வாங்குவது அடுத்த பிழை. வளர்ந்த நாயின் குடல் தேவைக்கு மேற்பட்ட கால்சியத்தை உறிஞ்சாமல் விட்டுவிடும். சிறு குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் முழுமையாக வருவதில்லை. கொடுத்ததில் பெரும்பகுதி உள்ளே போய்விடும். கிரேட் டேன் குட்டிகளில் நடந்த ஆய்வுகள், மிகுதியான கால்சியத்தால் குருத்தெலும்பு எலும்பாக மாறுவது குலைந்து, மூட்டும் காலும் கோணுவதைக் காட்டின. இராஜபாளையம், லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய இனக் குட்டிகளுக்கே இந்த அபாயம் அதிகம். அவற்றுக்கு 1,000 கிலோ கலோரிக்கு 4.5 கிராமுக்கு மேல் கால்சியம் போகக் கூடாது. குட்டிகளுக்கென்றே செய்த முழுமையான பொதி உணவில் தேவையான கால்சியம் முன்பே சேர்க்கப்பட்டிருக்கும். அதைத் தின்னும் குட்டிக்கு மேலும் கால்சியம் மருந்து ஊற்றுவது பயனற்றது மட்டுமல்ல, தீங்கானதும்கூட. கடையில் குட்டி வாங்கும்போதே பொதி உணவையும் மருந்துப் புட்டியையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கத்தை இந்தக் காரணத்துக்காகவே ஏற்க முடியாது.

கால்சியம் தரும் வீட்டுப் பொருள்கள்

மிக மலிவானது முட்டை ஓடு. கழுவிக் கொதிக்கவைத்து உலர்த்தி, மிக்சியில் நைசாக அரைத்துச் சலித்த தூளில் ஒரு கிராமுக்குச் சுமார் 0.38 கிராம் கால்சியம் உண்டு. வளர்ந்த நாய்க்கு இதுவே போதும். குட்டிக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. மேலே கண்ட கறிசோற்றில் பாஸ்பரசும் 0.6 கிராம் அளவே உள்ளது; தேவை 2.5 கிராம். முட்டை ஓட்டில் கால்சியம் உண்டே தவிரப் பாஸ்பரசு அநேகமாக இல்லை. அதை மட்டும் கொட்டினால் விகிதம் மறுபக்கம் சாய்ந்துவிடும்.

இரண்டும் சரியான விகிதத்தில் இருப்பது எலும்பில்தான். நெத்திலி, சிறிய மத்தி போன்ற மீன்களை முள்ளோடு குக்கரில் வேகவைத்துப் பிசைந்து தரலாம். புரதமும் வைட்டமின் டியும் கூடவே வரும். கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் கழுத்தையும் காலையும், எலும்பு விரலிடையே மாவாக நசுங்கும்வரை குக்கரில் வைத்து மசித்துத் தரலாம். அப்படி நசுங்காத துண்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது. உணவுத் தரமுள்ள எலும்புத்தூளையும், டைகால்சியம் பாஸ்பேட்டையும் கால்நடை மருத்துவர் எடைக்கேற்ப எழுதித் தருவார். தோட்டத்துக்கு உரமாக விற்கப்படும் எலும்புத்தூளை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

கேழ்வரகைப் பற்றியும் சொல்ல வேண்டும். தானியங்களில் அதுவே கால்சியம் மிகுந்தது. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் உண்டு. ஆயினும் அதிலுள்ள பைட்டேட்டு அந்தக் கால்சியத்தின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அரிசிக்குப் பதில் கேழ்வரகுக் களி நல்லது. எலும்புக்குப் பதிலாக அது ஆகாது.

குட்டியின் முதல் மாதங்கள்

முதல் மூன்று வாரங்களுக்குத் தாய்ப்பாலே உணவு. தாயில்லாக் குட்டிக்குப் பசும்பாலை ஊற்றி வளர்ப்பது கடினம். நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலில் உள்ளதைப் போல் இரண்டு மடங்கு அளவுக்கு உண்டு. பசும்பாலில் லாக்டோசு சர்க்கரை கூடுதலாக இருப்பதால் கழிச்சல் ஏற்படும். நாய்க்குட்டிகளுக்கென விற்கப்படும் பால்மாவே பாதுகாப்பானது. தண்ணீர் சேர்த்துப் பெருக்கிய பாலும் பிஸ்கட்டும் கொடுத்து வளர்க்கும் குட்டி, பசி அடங்கியதுபோல் தூங்கும். ஆனால் எடை ஏறாது.

மூன்று, நான்கு வாரத்தில் குழைந்த உணவைத் தொடங்கி எட்டு வாரத்துக்குள் முழுவதும் மாற்றலாம். மூன்று மாதம்வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம்வரை மூன்று வேளை, அதன்பின் இரண்டு வேளை. பால் மறந்த நாய்களில் பலவற்றுக்கு லாக்டோசைச் செரிக்கும் திறன் குறைந்துவிடும். தயிரில் அச்சர்க்கரையின் ஒரு பகுதி புளிக்கும்போதே கழிந்துவிடுவதால் தயிரும் மோரும் பொதுவாக ஒத்துக்கொள்ளும்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிசு வளாக ஆய்வாளர்கள், நூல்களிலும் இணையத்திலும் கிடைத்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைக் கணக்கிட்டு 2013இல் முடிவை வெளியிட்டனர். அவற்றில் 95 விழுக்காட்டில் ஏதேனும் ஒரு சத்தாவது குறைவாக இருந்தது. இவை வளர்ந்த நாய்களுக்கான குறிப்புகள் என்பதை நோக்க வேண்டும். குட்டிக்குத் தேவை இன்னும் கடுமையானது. ஆகவே கணக்கிட்டுத் தர வாய்ப்பில்லாத வீட்டில், குறிப்பாகப் பெரிய இனக் குட்டிக்கு, வளர்ந்து முடியும்வரை குட்டிகளுக்கான முழுமையான பொதி உணவையே முதன்மையாகத் தந்து, வீட்டு உணவைப் பத்தில் ஒரு பங்குக்குள் நிறுத்துவதே சரியான தேர்வு. முழு வீட்டு உணவுக்குப் பின்னர் மாறிக்கொள்ளலாம்.

வளர்ந்த நாயின் கிண்ணம்

15 கிலோ எடையுள்ள, அதிகம் ஓடாத நாய்க்கு நாளுக்கு 750 முதல் 850 கிலோ கலோரி போதும். 300 கிராம் சோறு அல்லது அதற்கு ஈடான களி, 150 கிராம் வெந்த கறி, ஒரு அவித்த முட்டை, கைப்பிடி அளவு வெந்த பூசணி, கேரட் அல்லது பீன்ஸ், ஒரு சிறு கரண்டி எண்ணெய் ஆகியவை இதற்குள் அடங்கும். இதனுடன் அரைத் தேக்கரண்டிக்குச் சற்று அதிகமாக முட்டை ஓட்டுத் தூள் சேர்த்தால் கால்சியம் நிரம்பிவிடும். வாரம் இருமுறை கறிக்குப் பதில் மீன். வேறு இரு நாள்களில் கறியில் கால் பங்கு ஈரல். ஈரலை நாள்தோறும் தந்தால் வைட்டமின் ஏ மிகுந்துவிடும். வைட்டமின் சி நாயின் ஈரலிலேயே உண்டாவதால் அதைத் தேடித் தர வேண்டியதில்லை. துத்தநாகமும் வைட்டமின் ஈயும் இத்தகைய உணவில் குறைய வாய்ப்புண்டு. மருத்துவரிடம் கேட்டு ஒரு சத்துக் கலவையைச் சேர்ப்பது நல்லது.

புலால் சமைக்காத வீடுகளிலும் நாய் வளர்க்கப்படுகிறது. பூனையைப் போல் நாய் இறைச்சியின்றி வாழவே முடியாத விலங்கு அன்று. முட்டை, பன்னீர், சோயா, பருப்பு ஆகியவற்றால் வளர்ந்த நாயின் புரதத் தேவையை நிறைவு செய்யலாம். தயிர்சோறு மட்டும் தந்துவிட்டுச் சைவ உணவு என்று பெயரிடுவதுதான் தவறு. குட்டியை முழுச் சைவத்தில் வளர்க்க முயலாமல் இருப்பது நல்லது.

பச்சை இறைச்சி

பச்சை இறைச்சியில் சால்மோனெல்லா, இ. கோலி போன்ற நுண்ணுயிரிகள் இருக்கக்கூடும். நாய்க்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் அதன் வாய், கழிவு, கிண்ணம் வழியாக வீட்டுக் குழந்தைக்கும் முதியவருக்கும் அவை தொற்றலாம். உறையவைப்பதால் இவை அழிவதில்லை.

நம் நாட்டில் இதைவிடக் கவலைக்குரியது எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழு. ஆடு, மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் இப்புழுவின் நீர்க்கட்டிகள் இருக்கும். கறிக்கடைக்காரர் கழித்துப் போடும் அந்தத் துண்டுகளைப் பச்சையாகத் தின்னும் நாயின் குடலில் சில மில்லிமீட்டர் நீளப் புழுக்கள் வளரும். அவற்றின் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியேறி மண்ணிலும் உரோமத்திலும் ஒட்டிக்கொள்ளும். கைவழியே மனிதர் வயிற்றுக்குள் போனால் ஈரலிலோ நுரையீரலிலோ கட்டி உண்டாகிப் பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் பெருக்கும். பலருக்கு அறுவை சிகிச்சை வரை போகிறது. கழிவு ஈரலை நன்கு வேகவைத்தாலே இந்தச் சங்கிலி அறுந்துவிடும். பிராசிகுவாண்டல் அடங்கிய புழுமருந்தை உரிய இடைவெளியில் தருவதும் தேவை.

தரக் கூடாதவை

மனிதர் சமையலை அப்படியே வைப்பதில் உள்ள முதல் ஆபத்து வெங்காயம். பெரிய வெங்காயமோ சின்ன வெங்காயமோ, பச்சையோ வெந்ததோ, நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வரை தின்றாலே இரத்தத்தில் மாற்றம் தெரியும். 5 கிலோ நாய்க்கு அது ஒரு நடுத்தர வெங்காயம். பூண்டின் வீரியம் இன்னும் அதிகம். சாம்பார், குருமா, பிரியாணி ஆகிய எல்லாவற்றிலும் இவை உண்டு. திராட்சையும் உலர் திராட்சையும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். எந்த அளவு எந்த நாயைப் பாதிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பாயசத்திலும் கேசரியிலும் அது கிடக்கும் என்பதால் பண்டிகை நாளில் கவனம் வேண்டும். சாக்லேட்டு, காப்பித்தூள், சர்க்கரையில்லா மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டால் ஆகியவையும் நஞ்சு. இவற்றைத் தின்றுவிட்டால் அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

விருந்தில் மிஞ்சிய கொழுப்பை ஒரேயடியாகப் போட்டால் கணையம் வீங்கும். வெந்த கோழித் தொடை எலும்பு கூராகப் பிளந்து குடலைக் குத்தும். மாங்கொட்டையும் மக்காச்சோளக் கட்டையும் குடலை அடைக்கும். கருவாட்டில் உப்பு மிகுதி.

உணவை மாற்றுதல்

ஓர் உணவிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே நாளில் மாறினால் கழிச்சல் வரும். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதிய உணவு, பிறகு பாதி, பிறகு முக்கால் எனச் சுமார் பத்து நாளில் முழுவதும் மாற்றலாம். கோடையில் தயிர் சேர்த்த உணவும் கறி சேர்த்த உணவும் விரைவில் கெடும்; அரை மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிட வேண்டும். குட்டியை வாரம் ஒருமுறை, பெரிய நாயை மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவைக்கலாம். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், கையால் தடவினால் எளிதில் தட்டுப்பட வேண்டும். தடவியும் தட்டுப்படாவிட்டால் முதலில் சோற்றையும் எண்ணெயையும் குறைக்கலாம். கறியையும் முட்டை ஓட்டுத் தூளையும் குறைக்கக் கூடாது.